கண்டிக்குப் போன தூதுகள்

1664ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் அப்போது நில்லம்பை அரண்மனையில் இருந்தான். மலைக்கிராமங்களில் ஆளுக்கொரு மூலையில் வைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயக் கைதிகளை எல்லாம் அங்கே வரவழைத்தார்கள். அவர்களை விட்டுவிடும்படி சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையிலிருந்து அதன் ஆங்கிலேயத் தலைவர் சேர் எட்வேர்ட் வின்ரர் கடிதம் எழுதியிருந்தார். அதே வேண்டுகோளோடு கொழும்பிலிருந்து ஒல்லாந்தத் தூதர் ஹென்றிக் டிராக்கும் வந்திருந்தார். மன்னன் மனமிரங்கிவிட்டான், ஊர் போகலாம் என்று அரண்மனைப் பிரதானிகள் சொன்னார்கள். அதன் பிறகு வேறொரு பிரதானி வந்து ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் கேட்டார்: இங்கேயே தங்கி மன்னனுக்கு ஊழியம் செய்தால் பதவியும் வெகுமதியும் உண்டு, என்ன சொல்கிறாய்? ஒருவர்கூடத் தங்குகிறேன் என்று சொல்லவில்லை. அந்தப் பதில் மன்னனுக்குப் பிடிக்கவில்லை. இழுபறி நடந்துகொண்டிருந்தபோதே, 21ஆம் திகதியளவில், அம்பன்வெல ராளையின் தலைமையில் நில்லம்பையில் கலகம் வெடித்தது. வானத்தில் வால்வெள்ளி தோன்றியிருந்த காலம் அது. மன்னன் இரவோடிரவாக மலைக்குத் தப்பினான். கலகம் சில நாட்களில் அடங்கியது. விடுதலைப் பேச்சும் அதோடு அடங்கிப்போனது. அந்தக் கைதிகளில் ஒருவரான றொபேட் நொக்ஸ் வெளியேற மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அவரையும் எந்தத் தூதும் மீட்கவில்லை. தப்பித்தான் போனார்.

அயல்நாட்டில் பிடிபட்டுக் கிடக்கும் தன் குடிகளை ஓர் அரசு எப்படி மீட்கிறது என்ற கேள்வி இன்று நமக்குச் செய்தித்தாள்களில் வருகிறது. கண்டிக்கு அது மிகப் பழைய கேள்வி, அதுவும் மறுபக்கத்திலிருந்து வந்த கேள்வி. பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1815 வரை பிடித்துவைத்திருந்த ஊர் இது. கேட்டு வந்தவர்கள் கடலோரத்திலிருந்து மலையேறி வந்தார்கள். பிடித்துவைத்தவன் தரப்பிலிருந்து இந்த விவகாரத்தைப் பார்க்கும் வாய்ப்பு இவ்வூரில் வாழ்கிற நமக்கு இருக்கிறது. அதை நாம் பயன்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை. நொக்ஸைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அவருடைய சாகசத்தையே எழுதினார்கள். நான் பார்க்க விரும்புவது கடிதங்களை: யாருக்காக எழுதப்பட்டன, யாருக்காக எழுதப்படவில்லை என்பதை.

நொக்ஸின் தந்தை தலைவராக இருந்த 'ஆன்' என்ற கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத் துறையில் புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. அதைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். இன்றைய மூதூர்க் கரை. அந்தக் கரை கண்டி மன்னனுடையது. அவனுக்கு ஒரு கடிதமோ காணிக்கையோ அனுப்பாமல் இறங்கிவிட்டார்கள். 1660 ஏப்ரலில் மன்னனின் மாகாண அதிகாரியான திசாவை படையோடு வந்தான். புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த கப்டனைப் பிடித்தார்கள். மொத்தம் பதினாறு பேர் அகப்பட்டார்கள். கப்பலையும் கரைக்குக் கொண்டுவரச் சொல் என்று கப்டனை வற்புறுத்தியபோது, அவர் மகனைக் கப்பலுக்கு அனுப்பி, புறப்பட்டுப் போய்விடுங்கள் என்று சொல்லச் செய்தார். பத்தொன்பது வயது மகன் அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு, தந்தைக்குக் கொடுத்த வாக்குப்படி கரைக்கே திரும்பி வந்தான். அடுத்த ஆண்டு பெப்ரவரியில், கண்டிக்கு வடமேற்கே பண்டார கொஸ்வத்தையில், தந்தை காய்ச்சலில் இறந்தார். மகனே அவரைப் புதைத்தான்.

முன்கூட்டி ஒரு கடிதம் போயிருந்தால் இவ்வளவும் நடந்திராது என்று நொக்ஸே நினைத்தார். தூது என்பது ஆள் பிடிபட்ட பிறகு தொடங்குவதல்ல. ஆள் கரையில் கால் வைப்பதற்கு முன்பே அது தொடங்கியிருக்க வேண்டும்.

இராஜசிங்கன் ஏன் வைத்திருந்தான்? பணத்துக்காக அல்ல. 1638இல் அவன் ஒல்லாந்தர்களோடு உடன்படிக்கை செய்தான். போர்த்துக்கீசரைத் துரத்தினால் கோட்டைகள் தனக்கு வரும் என்று நம்பினான். 1656இல் கொழும்பு விழுந்தபோது ஒல்லாந்தர் அதைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவனிடம் மலை இருந்தது. துறைமுகங்கள் பெரும்பாலும் கைவிட்டுப் போயின. கடல்வழி வந்த மனிதர்களை மட்டும் அவனால் பிடித்துவைக்க முடிந்தது. அப்படிப் பிடித்தவர்களைச் சிறைக்கூடத்தில் அடைக்கவில்லை. ஊருக்கு ஒருவராகப் பிரித்துக் குடிமக்கள் வீட்டில் விட்டான். சோறு போடுவது ஊரின் கடமையாயிற்று. ஐரோப்பியர் தன் நாட்டில் இருப்பதே அவனுக்கு வேண்டியிருந்தது. எதையும் கேட்காத ஒருவனிடம் எதைக் கொடுத்து மீட்பது? வின்ரருக்கும் ஒல்லாந்தருக்கும் இது கடைசிவரை விளங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

விளங்காததால் தூதர்களே கைதிகளானார்கள். ஆங்கிலேயருக்காகப் பரிந்து பேசிய டிராக் 1670இல் கண்டியிலேயே இறந்தார். மன்னன் அவர்மேல் அன்பு வைத்திருந்தான். உடலைப் பல்லக்கில் ஏற்றி, படையும் பிரதானிகளும் உடன்போகக் கொழும்புக்கு அனுப்பினான். உயிரோடு அனுப்பவில்லை. பிறகு ஒல்லாந்தர் ஒரு சிங்கத்தைப் பரிசாக அனுப்பினார்கள். மன்னன் அதை ஏற்கவுமில்லை, கொண்டுவந்தவரை விடவுமில்லை. சிங்கம் செத்தது. 1672இல் பிரெஞ்சுக் கடற்படை திருகோணமலைக்கு வந்தது. அதன் தலைவர் டி லா ஹே, லனரோல் என்பவரைத் தூதராகக் கண்டிக்கு அனுப்பினார். அவர் வழக்கத்தை மீறிக் குதிரையில் ஏறியபடி அரண்மனைப் பக்கம் போனார், காத்திருக்கச் சொன்னபோது பொறுமையிழந்து திரும்பினார். அடியும் விலங்கும் கிடைத்தன. லனரோல் என்ற குடும்பப்பெயர் இன்றும் இந்த நாட்டில் வழங்குகிறது. போன தூதரை மீட்க இன்னொரு தூதர், அவரை மீட்க மற்றொருவர் என்று ஆனபோது, முதலில் பிடிபட்ட மாலுமிகளின் பேச்சு கடிதத்தின் கடைசி வரிகளுக்குப் போயிருக்கும்.

சென்னையிலும் அதே நேரம் நிலைமை குழம்பியது. 1665 செப்டெம்பரில் வின்ரர், தனக்குப் பதிலாக வந்த ஜோர்ஜ் பொக்ஸ்கிறொவ்டைப் புனித ஜோர்ஜ் கோட்டைக்குள்ளேயே சிறைவைத்து, 1668 வரை அதிகாரத்தைத் தன் கையில் வைத்திருந்தார். கண்டியில் இருப்பவர்களை விடுங்கள் என்று எழுதியவர் சொந்தக் கோட்டையில் ஒருவரைப் பூட்டி வைத்திருந்த மூன்று ஆண்டுகள் அவை. அந்த வேளையில் எலதெத்தவிலும் கம்பளைப் பக்கத்திலும் தொப்பி பின்னி விற்றுக்கொண்டிருந்த மாலுமிகளை அங்கே யார் நினைத்திருப்பார்கள்?

நொக்ஸ் தொப்பி பின்னினார், நெல்லைக் கடனுக்குக் கொடுத்து வட்டி வாங்கினார், பன்றியும் கோழியும் வளர்த்தார். கட்டுச்சரக்கு வியாபாரியாக வடக்குப் பக்கம் போய்ப் போய் வழி படித்தார். 1679 செப்டெம்பரில் ஸ்டீவன் ரட்லண்ட் என்ற தோழரோடு புறப்பட்டு, அநுராதபுரம் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்து நடந்தார். நம்மவர்கள் அருவியாறு என்று சொல்லும் அதே ஆறுதான். வன்னித் தமிழ் நிலத்தின் ஓரமாகக் காட்டுக்குள் ஒளிந்து நடந்து, ஒக்டோபர் 18 அன்று அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். 1681இல் அவருடைய நூல் இலண்டனில் வெளிவந்தது.

அந்த நூலில் என் மனம் நிற்கும் இடம் வேறு. தங்கிவிட்டவர்கள். கைதிகளில் பலர் இங்கேயே மணம் முடித்துப் பிள்ளை பெற்றார்கள். நொக்ஸ் மணம் செய்யவில்லை. ஆனால் இன்னொரு ஆங்கிலேயக் கைதியின் மகளை வளர்த்தார், லூசியா என்று பெயர். தன் வீட்டையும் நிலத்தையும் அவளுக்கென்று விட்டுப்போனார். விடுதலை கேட்டு எழுதும் கடிதத்தில் தகப்பன் பெயர் இருக்கலாம். தாயின் பெயரும் பிள்ளையின் பெயரும் எந்த அரசின் பட்டியலில் சேரும்? ஆண்டுகள் கடக்கக் கடக்கக் கைதி ஓர் ஊரின் குடியாகிவிடுகிறான். பிந்தி வரும் விடுதலை ஒரு குடும்பத்தைப் பிரிக்கும். தூது தாமதிப்பதன் உண்மையான விலை இதுதான், இதை எந்தத் தூதரும் கணக்கில் எழுதுவதில்லை.

இனி 1803, கடலோரம் ஆங்கிலேயர் கைக்கு மாறியிருந்த காலம். கண்டி நகரத்துக்கு வெளியே, மகாவலி வளைந்தோடும் இடத்தில் வட்டபுலுவை இருக்கிறது. 1958இல் கட்டடக் கலைஞர் மினெற் டி சில்வா வடிவமைத்த வீடமைப்புத் திட்டம் அங்கேதான் எழுந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் அருகருகே வீடு கட்டிக் குடியேறினார்கள். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அந்த ஆற்றங்கரையில் நடந்ததை நான் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டவல் கண்டிக்குள் நுழைந்தார். ஊர் வெறுமையாகக் கிடந்தது. அப்போதைய மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் பின்வாங்கியிருந்தான். ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துசாமி என்பவரைக் கொண்டுவந்து மன்னர் என்று அறிவித்தார். முத்துசாமி முந்தைய மன்னன் இராஜாதி இராஜசிங்கனின் மைத்துனர். ஆங்கிலேயரின் பாதுகாப்பில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். அவருக்குக் கண்டியில் ஒரு குடியும் கிடைக்கவில்லை. மழை வந்தது, காய்ச்சல் வந்தது, பெரும்படை திரும்பிப் போனது. மேஜர் ஆடம் டேவியின் கையில் ஒரு சிறு படை எஞ்சியது. அதிலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் எழுந்து நிற்க முடியாத நோயாளிகள். ஜூன் 24 அன்று கண்டிப் படை தாக்கியது, டேவி சரணடைந்தார். ஆயுதங்களோடு திருகோணமலைக்குப் போகலாம், நோயாளிகளைக் கண்டியார் பார்த்துக்கொள்வார்கள், முத்துசாமியும் கூடவே போகலாம் என்பது ஒப்பந்தம்.

வட்டபுலுவையில் ஆறு பெருக்கெடுத்து ஓடியது. கடக்கத் தெப்பம் இல்லை. அக்கரையிலும் இக்கரையிலும் கண்டிப் படை நின்றது. முத்துசாமியை ஒப்படைத்தால் வழி விடுகிறோம் என்று மன்னனிடமிருந்து ஆள் வந்தது. டேவி முதலில் மறுத்தார். பிறகு கொடுத்தார். முத்துசாமியையும் அவருடைய உறவினர்களையும் கொண்டுபோய்க் கொன்றார்கள். வழி திறக்கவில்லை. 26ஆம் திகதி ஆயுதங்களைக் கீழே வைத்த ஆங்கிலச் சிப்பாய்களை வெட்டினார்கள். கண்டி மருத்துவமனையில் விட்டுவந்த நோயாளிகளும் படுக்கையிலேயே கொல்லப்பட்டார்கள். மலாயப் படையின் கப்டன் நூர்தீனை மன்னன் தன் ஊழியத்துக்கு அழைத்தான். அவர் மறுத்து, சகோதரரோடு உயிரை விட்டார்.

முத்துசாமியின் கொலையை டேவியின் கோழைத்தனம் என்று எழுதி முடித்துவிடுவது ஆங்கில வரலாற்றாசிரியர்களின் வழக்கம். எனக்கு அது போதாது. அந்த மனிதரை யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டிவந்து அரியணையில் உட்கார வைத்தது ஓர் அரசு. ஒப்பந்தத்தில் அவர் பெயரை எழுதியதும் அதே அரசின் அதிகாரி. ஆற்றங்கரையில் நெருக்கடி வந்தபோது முதலில் விற்கப்பட்டவர் அவர்தான். அவர் வெள்ளையராக இருந்திருந்தால் டேவியின் கை அவ்வளவு சீக்கிரம் நீண்டிருக்குமா? இந்தக் கேள்வியை நாம், தமிழில் எழுதுகிறவர்கள், கேட்டிருக்க வேண்டும். வட்டபுலுவையில் டேவியின் பெயரால் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 'டேவியின் மரம்' என்று அந்த இடம் பெயர்பெற்றது. முத்துசாமியின் பெயரால் ஒன்றும் இல்லை.

டேவி உயிரோடு விடப்பட்டு, 1812 அளவில் இறக்கும்வரை கண்டியில் கைதியாக இருந்தார். 1805இல் வந்த ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் போரை நிறுத்தினார், உடன்படிக்கை எழுதவில்லை. டேவியை மீட்க முயன்றவர் ஜோன் டொய்லி, சிங்களம் நன்றாகக் கற்ற மொழிபெயர்ப்பாளர், ஒற்றர் வலையை நடத்தியவர். பிக்குகள், வணிகர்கள், தலைமைக்காரரின் ஆட்கள் வழியாகச் செய்தி போய்வந்தது. டேவி கிடைத்த காகிதத் துண்டுகளில் எழுதி இரகசியமாக அனுப்பினார். 1810 முதல் 1815 வரையான டொய்லியின் நாட்குறிப்பைப் படித்தால், ஒரு கைதியின் சேதி மலையிலிருந்து கடலோரத்துக்கு எத்தனை கை மாறி இறங்கியது என்று தெரியும். அதே நாட்குறிப்பில் வேறொன்றும் தெரியும். கண்டிப் பிரதானிகளில் யார் மன்னன்மேல் மனக்கசப்பில் இருக்கிறார், எந்தக் கணவாயில் எத்தனை ஆட்கள் நிற்கிறார்கள் என்ற விசாரணை ஓய்வில்லாமல் நடக்கிறது. ஒரு மனிதனை மீட்கப் போட்ட வழியும் ஒரு நாட்டைப் பிடிக்கப் போட்ட வழியும் அங்கே ஒன்றாகிவிட்டன.

1814இன் பிற்பகுதியில் ஆங்கில ஆட்சிப் பகுதியிலிருந்து போன பத்து வணிகர்களை ஒற்றர்கள் என்று பிடித்து, மூக்கும் காதும் அறுத்து அனுப்பினார்கள். ஏழு பேர் இறந்தார்கள். தன் குடிகளுக்கு நேர்ந்த இந்தக் கொடுமையைக் காரணம் காட்டி 1815 ஜனவரியில் ஆளுநர் பிரவுன்றிக் போர் அறிவித்தார். சொந்தப் படையின் மேஜர் ஒன்பது ஆண்டுகள் கண்டியில் கிடந்தபோது வராத போர் அது. இடையில் நடந்தது என்னவென்றால், கண்டிப் பிரதானி எகலப்பொலை ஆங்கிலேயர் பக்கம் வந்துவிட்டார், மலையின் கதவு உள்ளிருந்து திறந்துகொண்டது. அரசு தனக்கு வசதியான நாளில்தான் தன் குடிகளின் துன்பத்தை நினைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இந்த ஊரில் இல்லை. பெப்ரவரி 18 அன்று மெதமகாநுவரைப் பக்கம் மன்னன் பிடிபட்டான். அடுத்த ஆண்டு சென்னைக்கும் பிறகு வேலூர்க் கோட்டைக்கும் கொண்டுபோகப்பட்டு, பதினாறு ஆண்டுகள் கைதியாக வாழ்ந்து 1832 ஜனவரி 30 அன்று அங்கேயே இறந்தான். அவனை விடச் சொல்லிக் கேட்க உலகில் ஓர் அரசும் மிஞ்சியிருக்கவில்லை.

இன்று நாம் கேட்டுப் போகும் பக்கத்தில் நிற்கிறோம். மலையகத் தோட்டங்களிலிருந்தும் கண்டியைச் சூழ்ந்த முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் வளைகுடா வீடுகளுக்குப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். கடவுச்சீட்டை வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொள்கிறார். கணினி வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள் தாய்லாந்து எல்லையைத் தாண்டிக் கடத்தப்பட்டு, மியன்மாரின் மியாவதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டார்கள். சிலரை அரசு பேசி மீட்டது. 2010 நவம்பரில் சோமாலியக் கடற்கொள்ளையர் 'அல்பெடோ' என்ற கப்பலைப் பிடித்தபோது, அதிலிருந்த இருபத்துமூன்று பேரில் ஆறு பேர் இலங்கையர். 2012இல் பாகிஸ்தானில் பணம் திரட்டி அந்நாட்டவர் ஏழு பேரை மீட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். 2013இல் கப்பல் மூழ்கியது. 2014 ஜூனில் விடுதலையானவர்களில் இலங்கையர் இருவர் மட்டுமே. 2017 மார்ச்சில் 'ஆரிஸ் 13' பிடிபட்டபோது எட்டு இலங்கை மாலுமிகளும் நான்கு நாட்களுக்குள் மீட்புப்பணம் இல்லாமல் வெளியே வந்தார்கள். கப்பலை வாடகைக்கு எடுத்தவர்கள் சோமாலிய வணிகர்கள் என்பதும், உள்ளூர்ப் பெரியவர்கள் தலையிட்டதும் உதவின. எதிரே இருப்பவன் யாருக்குக் கட்டுப்படுவான் என்று அறிந்தவர்கள் பேசியதால் வந்த விடுதலை அது. நில்லம்பையில் இல்லாமல் போனது அந்த அறிவுதான்.

மூதூருக்குத் திரும்பியே ஆக வேண்டும். நொக்ஸும் தந்தையும் பிடிபட்ட அதே கரையிலிருந்து, வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு ஒரு சிறுமி 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகப் போனாள். சில வாரங்களில் அவளிடம் விடப்பட்ட கைக்குழந்தை இறந்தது. அவள் பணயக் கைதியல்ல, நீதிமன்றம் தண்டித்தவள். ஆனாலும் அவளுடைய உயிர் முழுக்கவும் அரசுகளுக்கிடையிலான பேச்சில்தான் தொங்கியது. தமிழ் மட்டுமே தெரிந்த அவளுடைய வாக்குமூலம், தகுதியான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. மேன்முறையீட்டுக்கான சட்டத்தரணிக் கட்டணத்தை ஹொங்கொங்கிலுள்ள ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு திரட்ட வேண்டியிருந்தது. பிறகு அமைச்சர்கள் போனார்கள், ஜனாதிபதி வேண்டுகோள் விடுத்தார். குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9 அன்று அவளுடைய தலை வெட்டப்பட்டது. மேஜைக்குப் பெரியவர்கள் வந்தபோது காலம் கடந்திருந்தது. ஆரம்பத்தில், வாக்குமூலம் எடுத்த அந்த அறையில், தமிழ் தெரிந்த ஒரு தூதரக அதிகாரி இருந்திருந்தால் என்ற நினைப்பு என்னை விடுவதில்லை.

1987இன் பதின்மூன்றாவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. எனவே நான் கேட்பது சலுகையல்ல. இலங்கையர் வேலை செய்யும் ஒவ்வொரு நாட்டிலும் நம் தூதரகத்தில், இரவு பகல் எந்நேரமும் அழைக்கக்கூடிய, தமிழ் பேசும் ஓர் அதிகாரி இருக்க வேண்டும். பிடிபட்டவர் பற்றிய முதல் செய்தி வந்த அன்றே அவர் புறப்பட வேண்டும். அவர் கையில் கொண்டுபோகும் பட்டியலில் கப்டனின் பெயருக்குக் கீழே சமையற்காரரின் பெயரும், பணிப்பெண்ணின் பெயரும், அங்கே பிறந்த பிள்ளையின் பெயரும் விடுபடாமல் இருக்க வேண்டும். கண்டியிலும் மூதூரிலும் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுப் பாராளுமன்றம் போனவர்களே, அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் வெளிநாட்டமைச்சின் ஒதுக்கீடு விவாதத்துக்கு வரும்போது எழுந்து இதைக் கேளுங்கள்.